குறை சொன்னவருக்கு வர்க்கி

எங்கள் ஃபேக்டரி ஃபிட்டரை யாரும் மனதார வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள். கஞ்சத்தனம் ஒன்றும் இல்லை. சாப்பிட்டு, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டே சமைத்தவளைத் தேடிப் போய், "ஏனுங்க, இன்னைக்கு எங்க சறுக்குச்சுங்க?" என்று கேட்பார். எங்கள் வீட்டுப் பால் காய்ச்சுக்கு வந்தவர் என் மாமியாரிடமே கேட்டார். அறுபது பேருக்குச் சமைத்து இடுப்பு ஒடிந்து உட்கார்ந்திருந்த மனுஷி, "சறுக்கறதுக்கு நானென்ன வழுக்குமரமா ஏறுனேன்?" என்று கரண்டியை ஓங்கிவிட்டாள். அவர் நகரவில்லை. "கோவிச்சுக்காதீங்கம்மா. பண்ணுன கைக்குத்தானுங்களே தெரியும்?" என்றார். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு, "பருப்பை வேகறதுக்கு முந்தி எறக்கிப்போட்டேன்" என்று மாமியார் முணுமுணுத்தாள். அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனவர், மறுநாள் காலையில், டீயில் தோய்த்துத் தின்னும் ஊட்டி வர்க்கி பிஸ்கட் ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினார்.

அதுதான் அவர் கணக்கு. எங்கே கெட்டது என்று வாயைத் திறந்து சொன்னவருக்கு மறுநாள் வர்க்கி. பழுப்புக் காகிதம், மேலே சணல் நூல், அதில் இரட்டை முடிச்சு. "பிரமாதம் ஃபிட்டரே, உங்க கையே கை" என்று புகழ்ந்தவனுக்கு ஒரு துணுக்குகூடக் கிடைக்காது. புகழ்ந்தால் அவருக்கு முகம் வாடிவிடும். நாம் அவரை ஏதோ ஏமாற்றிவிட்டதுபோலப் பார்ப்பார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் பிள்ளைகள் கண்ணில் படும். அப்பாவைப் பற்றி எழுதியிருக்கும் இந்த அம்மாள் அந்த வருஷம் என்ன செய்தாள் என்பதையும் சேர்த்துப் படிப்பார்கள். அந்தத் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

நான் மேட்டுப்பாளையத்துப் பெண். கல்யாணமாகி மலைக்கு வந்தேன். குன்னூரைத் தாண்டி ஒரு சரிவில் இருந்த அந்தச் சின்னத் தேயிலை ஃபேக்டரியில் இலை நிறுக்கும் மேசையில் எனக்கு வேலை. என் மேசையிலிருந்து பார்த்தால் அரைக்கும் மிசின்கள் தெரியும். ஃபிட்டரும் கோயமுத்தூர்ப் பக்கத்துக்காரர்தான். ஐம்பது வயதைத் தாண்டியவர். கோடையிலும் கழற்றாத குரங்குக் குல்லா, காதில் பென்சில். இடது கைக் கட்டைவிரலில் நகம் கிடையாது.

அவர் ஒரு சாமான் செய்தால், அதை ஓட்டிப் பார்க்கும்போது அங்கே இருக்க மாட்டார். இது எனக்கு முதலில் விளங்கவில்லை. ஆபீஸ் கதவு தானாக மூடிக்கொள்ள ஒரு கல்லைக் கயிற்றில் தொங்கவிட்டுக் கொடுத்தார். மாட்டி முடித்ததும், மலையிலேயே சிடுமூஞ்சியான எங்கள் வாட்ச்மேனிடம், "நீங்கதான் பத்து நாளைக்கு இதுல போய் வரோணும்" என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனார். "ஏனுங்க, நின்னு பாக்கலீங்களா?" என்றேன்.

"நான் நின்னா ஓடுமுங்க அம்மிணி. கை தன்னால போயி சரி பண்ணிப்போடும். எனக்கே தெரியாது. நான் இல்லாதப்ப ஓடோணும், புடிக்காதவங்ககிட்ட ஓடோணும்."

பத்தாம் நாள் வாட்ச்மேன் அவரை வழிமறித்துக் கால் மணி நேரம் திட்டினான். கல் முழங்காலில் இடிக்கிறது, பனியில் கயிறு ஊறி நீள்கிறது, கதவு பாதியில் நிற்கிறது. இவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து சிகரெட் அட்டையில் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். வாட்ச்மேனுக்கு இரண்டு பொட்டலம்.

அந்த நகம் போன கதையை ஒரே ஒரு தடவை கேட்டேன். தேவர்சோலைப் பக்கம் வேறொரு ஃபேக்டரியில் இளவயதில் வேலை பார்த்தாராம். பக்கத்தில் நின்றவனை மிசின் இழுத்தபோது பிடிக்கப் போய் இவர் விரலும் நசுங்கியது. "அந்த ஆளு?" என்றேன். கொதிக்கும் டீயை ஊதிக்கொண்டே, "நல்லா ஓடுதுன்னு எல்லாருஞ் சொன்ன மிசினுங்க அது" என்று மட்டும் சொன்னார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அன்றைக்கு நினைத்தேன்.

பிறகு அந்தப் பாழாய்ப்போன வருஷங்கள் வந்தன. தொண்ணூறுகள் முடிந்து புது நூற்றாண்டு பிறந்த சமயம். பச்சை இலைக்கு விலையே இல்லை. பறித்த கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று படகர் தோட்டங்களில் செடியை அப்படியே விட்டுவிட்டார்கள். அது மரமாக வளர்ந்து நின்றது. சிலர் இலையை மூட்டையோடு கொண்டுவந்து ரோட்டில் கொட்டிவிட்டுப் போனார்கள். பக்கத்து ஃபேக்டரி புகைபோக்கிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எங்கள் முதலாளி மூடவில்லை. ஆளைக் குறைத்தார்.

குறைத்த ஆட்களில் ஒருத்தி, அரைக்கும் மிசின் சுவிட்ச் பக்கத்தில் நிற்பவள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வாடிய இலையை நசுக்கும் மிசின் அது. மேலே அகன்ற வாய், உள்ளே கனத்த இரும்புத் திருகு. கறிக்கடையில் கொத்துக்கறி அரைப்பதைப் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். இலை வாயில் அடைத்துக்கொள்ளும். குச்சியால் தள்ள வேண்டும் என்பது சட்டம். கையால் தள்ளுவது வழக்கம். அதனால் எப்போதும் இரண்டு பேர். ஒருத்தி இலை தள்ளுவாள், இன்னொருத்தி சுவரில் இருக்கும் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு முதலாமவளின் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "சும்மா நின்னு வேடிக்கை பாக்கறதுக்கு ஒரு ஆளா?" என்று முதலாளி கேட்டார். அந்த வாரமே அவள் போய்விட்டாள். இலை தள்ளும் சரசு மட்டும் தனியாக நின்றாள்.

சரசு இலங்கையில் கண்டிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்தவள். வாய் ஓயாது. ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டையைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டு, மிசின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசுவாள். அவள் வலது கையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இலைக் குவியலுக்கும் மிசின் வாய்க்கும் நடுவே அது போய் வரும் வேகத்தில் கண்ணுக்கே பிடிபடாது. புருஷன் இல்லை. வயிற்றுக்குப் போடுவதற்கு அந்தக் கையைத் தவிர அவளுக்கு வேறு சொத்து கிடையாது.

சுவிட்ச்காரி போன மறுநாளே ஃபிட்டர் சாக்பீஸோடு வந்து சரசுவைச் சுற்றித் தரையில் கோடு போட்டார். அவள் உயரத்தை அளந்தார். கை நீளத்தை அளந்தார். "சட்டை தைக்கப் போறீங்களா ஃபிட்டரய்யா?" என்று அவள் சிரித்தாள். அவர் நிமிராமல், "மிசின் உங்க கையைப் புடிச்சா நீங்க எந்தப் பக்கம் சாயுவீங்க?" என்று கேட்டார். அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

முதலில் தலைக்கு மேலே ஒரு கயிறு கட்டினார். இழுத்தால் மிசின் நிற்கும். கட்டிவிட்டு வழக்கம்போலப் போய்விட்டார். சரசு அதில் ஈரத் துண்டைக் காயப்போட்டாள், மிசின் நின்றது. சாப்பாட்டுப் பையை மாட்டினாள், நின்றது. நாலாம் நாள் கயிற்றைச் சுருட்டி ஆணியில் கட்டிவிட்டாள். அவர் வந்து பார்த்துக் கோபப்படவில்லை. மிசினை நிறுத்திவிட்டு, கை மாட்டியதுபோல நடிக்கச் சொன்னார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். சரசு "ஐயோ" என்று கத்தினாள். வலது கை உள்ளே இருந்தது. இடது கை கயிற்றுக்குப் போகவில்லை. வலது கையைப் பிடிக்கத்தான் ஓடியது. மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் அப்படியே.

"பாத்தீங்களா" என்றார் மெதுவாக. "ஒரு கை மாட்டுனா இன்னொரு கையும் அங்கதானுங்க போகும்." அட்டையில் எழுதிக்கொண்டார்.

அடுத்து காலுக்கு ஒரு மிதி செய்தார். பத்தே நாளில் இலைச் சக்கை அதன் அடியில் போய் அடைத்து இறுகிவிட்டது. மிதித்தால் கல்லை மிதிப்பதுபோல இருந்தது. அதையும் எழுதிக்கொண்டார். ஒரு வாரம் யாரோடும் பேசாமல் திரிந்தவர், ஒருநாள் டீ இடைவேளையில் என் மேசைக்கு வந்து முன்னறிவிப்பு இல்லாமல் சொன்னார்: "கை மாட்டுனா ஒடம்பு முன்னால இழுபடுமுங்க. யாரும் ஒண்ணும் பண்ண வேண்டாம். அந்த இழுபடறதே மிசினை நிறுத்தோணும்."

அப்படி வந்ததுதான் மூன்றாவது சாமான், பலகை. மிசினுக்கு முன்னால், சரசுவின் இடுப்பு உயரத்தில், குறுக்கே ஒரு தேக்குப் பலகை. அதன் பின்னால் ஒரு விரல் இடைவெளி. இடைவெளிக்கு அந்தப் பக்கம் சுவிட்ச். உடம்பு முன்னால் சாய்ந்தால் பலகை பின்னால் போய் சுவிட்சை அமுக்கும், மிசின் நிற்கும். எவ்வளவு எளிது! பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. "பிரமாதமுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியது.

"அம்மிணி, நீங்க பக்கத்துல இருக்கறீங்க, எழுதத் தெரியும். ஒரு உதவி வேணுமுங்க." ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டைப் பலகைக்கு மேலே சுவரில் ஆணியடித்து மாட்டினார். நடுவில் ஒரு கோடு. "வேலைநேரத்துல எத்தனை தடவை வெட்டியா நின்னுச்சுன்னு இந்தப் பக்கம். ஏன் நின்னுச்சுன்னு அந்தப் பக்கம். எவ்வளவு அசிங்கமா இருந்தாலும் எழுதுங்க. ரெண்டு மாசம். அப்புறம் இதுலிருந்து கத்துக்கிட்டு நாலாவது செய்வேன்."

"நாலாவதா? இதுவே நல்லாத்தானே இருக்கு?" என்றாள் சரசு.

"மூணுல கத்துக்கிட்டாத்தானுங்க நாலு. உங்ககிட்ட இருந்து ஒரு கொறையும் இன்னும் வரலியே."

"எனக்கு எப்பத்தான் வர்க்கி தருவீங்க?"

"கொறை சொல்லுங்க, தர்றேன்."

"எனக்கு நீங்க செஞ்சது எல்லாமே நல்லாத்தான் இருக்கு. வர்க்கி தின்ன குடுத்து வெக்கல, போங்க" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றைக்கு எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

முதல் வாரம் நான் உண்மையை எழுதினேன். பதினொன்று. பதினான்கு. ஒன்பது. இலையை வாரக் குனிந்தபோது இடுப்பு பட்டது. களைத்துச் சாய்ந்தாள். தும்மினாள். தினமும் சாயங்காலம் ஃபிட்டர் வந்து சிலேட்டின் முன்னால் கோயிலில் நிற்பதுபோல நிற்பார், அட்டையில் இறக்கிக்கொள்வார், துடைத்துவிட்டுப் போவார். எனக்கு அந்த வாரம் மூன்று பொட்டலம் வர்க்கி.

ஆனால் சிலேட்டு சுவரில் அல்லவா தொங்கியது? சுவரில் தொங்குவதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். எட்டாம் நாள் முதலாளி படித்தார். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் உள்ளே கிடக்கும் இலை புளித்துப் போகிறது, டீ கெட்டுப்போகிறது என்று அவருக்கு ஏற்கெனவே எரிச்சல். "பதினாலு தடவையா!" என்று கத்தினார். "மாசக் கடைசிவரைக்கும் பாப்பேன். இந்த லட்சணத்துல இருந்தா பலகையும் வேண்டாம், அதைச் செஞ்ச ஆளும் வேண்டாம். வெளிய எத்தனையோ ஃபிட்டர் சும்மா நிக்கறான்."

ஃபிட்டர் அப்போது அங்கே இல்லை. உலர்த்தும் அடுப்புப் பக்கம் இருந்தார். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. நாங்கள் அவரிடம் சொல்லவேயில்லை. அந்த மனுஷனுக்கு இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நின்றார்கள். ஆட்கள் குடியிருக்கும் லயத்துக் குழாய், என் வீட்டு அடுப்பு, வாட்ச்மேனின் மூக்குக்கண்ணாடி, எது உடைந்தாலும் கேட்காமலே சரி செய்தவர். அவரை அனுப்பவிட முடியுமா?

மறுநாள் சரசு ஒரு மரச்சில்லோடு வந்தாள். தேயிலைப் பெட்டியிலிருந்து உடைத்தது. பலகைக்குப் பின்னால் இருந்த அந்த ஒரு விரல் இடைவெளியில் அதைச் செருகினாள். பலகை அசையவில்லை. "இப்ப நிக்காது பாருங்க அக்கா" என்றாள், பெரிய சாதனை செய்ததுபோல.

"ஏ சரசு, கை மாட்டுனா?"

"இத்தன வருசம் மாட்டாத கை இப்பத்தான் மாட்டப் போவுதா? ஒரு மாசந்தானே. அவரு வேல நெலச்சிரட்டும், எடுத்து வீசிருவம்."

நான் சாக்பீஸை எடுத்து, சிலேட்டில் 'ஒன்று' என்று எழுதினேன். பூஜ்யம் எழுதினால் சந்தேகம் வரும் என்று ஒன்று. எனக்கு இருந்த புத்தியைப் பாருங்கள். அந்தப் பக்கம், 'தும்மல்' என்று எழுதினேன்.

அப்புறம் அது ஒரு விளையாட்டுப்போலவே ஆகிவிட்டது. ஃபிட்டர் சொல்லாமல் வந்து மறைந்து நின்று பார்க்கிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் குல்லா தூரத்தில் தெரிந்ததும் வாட்ச்மேன் விசிலடிப்பான். சரசு சில்லை உருவி இடுப்பில் செருகிக்கொள்வாள். அவர் வந்து பார்க்கும் ஐந்து நிமிஷமும் நிமிர்ந்து நின்று, பலகையில் படாமல், அழகாக வேலை செய்வாள். அவர் பலகையைத் தட்டிப் பார்ப்பார், மிசின் நிற்கும். திருப்பிப் போடுவார், ஓடும். அவர் திரும்பிப் போனதும் இன்னொரு விசில், சில்லு மறுபடி உள்ளே. வெளியூர் மாப்பிள்ளை வருகிறார் என்றதும் வீட்டைப் பெருக்குகிற மாதிரிதான். அவர் மேல் வைத்த பிரியத்தில் செய்தோம். இதை நான் எந்தச் சாமி முன்னாலும் சத்தியம் செய்வேன். அதனால் என்ன ஆகப்போகிறது.

வர்க்கி வருவது நின்றுபோனது. கொடுப்பதற்கு அவருக்குக் காரணம் கிடைக்கவில்லை. மாசக் கடைசியில் முதலாளி சிலேட்டைப் பார்த்து அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். நாங்கள் பெருமூச்சு விட்டோம். சில்லை எடுத்து வீசவேண்டிய நாள் அதுதான். ஆனால் அடுத்த மாசமும் முதலாளி பார்ப்பாரே என்று சரசு சொன்னாள். நானும் ஆமாம் என்றேன்.

ஃபிட்டர் இளைத்தார். சாயங்காலம் சிலேட்டு முன்னால் நிற்கும் நேரம் கூடிக்கொண்டே போனது. ஒருநாள் என் மேசைக்கு எதிரில் வந்து குல்லாவைக் கழற்றினார். அவர் தலையை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன், முழுக்க நரைத்திருந்தது.

"அம்மிணி, எங்க சறுக்குது?"

"எங்கயும் சறுக்கலீங்க."

"முப்பது வருஷமா சாமான் செய்யறேன். கொறையே இல்லாத சாமான் நான் ஒண்ணுகூடச் செஞ்சதில்லீங்க." அவர் பலகையைக் காட்டினார். "அதைப் பாத்தா எனக்குப் பயமா இருக்குதுங்க."

நான் சிரித்து மழுப்பினேன். அவர் போய் பலகையின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். சில்லு உரசி உரசி ஓரிடம் பளபளவென்று தேய்ந்திருந்தது. "இது என்னங்க தேய்மானம்?" என்று அங்கிருந்தே கேட்டார். சரசு என்னைப் பார்த்தாள். அவள் இடுப்பில் சில்லு இருந்தது. அந்த ஒரு கணம் எனக்குக் கொடுக்கப்பட்டது. அதை இன்றுவரை மறக்க முடியவில்லை.

"எலியா இருக்குமுங்க" என்றேன்.

"எலிங்களா" என்றார். காதிலிருந்த பென்சிலை எடுத்தார், அட்டையில் எழுதிக்கொண்டார். நான் சொன்ன பொய்யையும் அந்த மனுஷன் நம்பி எழுதிக்கொண்டார்.

ஆடி மாசத்து மழை அந்த வருஷம் விடாமல் பெய்தது. இலை சொதசொதவென்று ஈரத்தோடு வந்தது. ஒரு திங்கட்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து மிசின்கள் ஓட ஆரம்பித்திருந்தன. பனி ஜன்னல் வழியாக உள்ளேயே வந்துவிட்டது. நான் ஒரு மூட்டையை நிறுத்திக்கொண்டிருந்தேன். மரத்தில் இடிக்கும் சத்தம் கேட்டது. டொக். நிமிர்ந்தேன். சரசுவின் முதுகு மட்டும் தெரிந்தது. அவள் கத்தவில்லை. உடம்பு முன்னால் போய்ப் பலகையில் இடித்தது. டொக். ஈரச் சட்டைக்கை உள்ளே போயிருந்தது. இடது கை வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தது, அன்றைக்கு நடித்துக் காட்டிய மாதிரியே. பலகை அசையவில்லை. மிசின் நிற்கவில்லை. டொக். அப்புறம்தான் கத்தினாள்.

நான் சில்லைப் பிடுங்க ஓடினேன். சுவரில் பெரிய சுவிட்ச் இருக்கிறது, அதற்கு ஓடியிருக்க வேண்டும். எனக்குச் சில்லுதான் கண்ணில் தெரிந்தது. அன்றைய மழை ஈரத்தில் ஊறிய மரம் உப்பிப் போய் இடைவெளியைக் கவ்விக்கொண்டிருந்தது. நகம் பிய்ந்தது, சில்லு வரவில்லை. உலர்த்தும் அடுப்புப் பக்கத்திலிருந்து ஃபிட்டர் ஓடிவந்தார். என்னையும் பார்க்கவில்லை, பலகையையும் பார்க்கவில்லை. நேரே போய்ச் சுவர் சுவிட்சை அடித்தார். திருகு நின்றது. அந்த அமைதியில் கூரைமேல் மழை பெய்வது கேட்டது.

இலை லாரியிலேயே சரசுவை ஏற்றிக்கொண்டு ஃபிட்டர் கோயமுத்தூருக்கு இறங்கினார். மலைப்பாதை நடுவிலுள்ள பர்லியார் தாண்டும்வரை அவள் நினைவோடு இருந்தாளாம். "பலகை மேல தப்பில்ல அய்யா, பலகை மேல தப்பில்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம். அவருக்கு அது புரிந்திருக்காது. நான்கு விரல்கள் போயின. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தவர், நேரே போய்ப் பலகை முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு ஆணியாகக் கழற்றினார். சில்லு இன்னும் அதிலேயே இறுகிக்கிடந்தது. அதைத் தட்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி சொன்னது, சில்லு, விசில், சிலேட்டில் நான் எழுதிய ஒன்றுகள், தும்மல், எலி. அழுதுகொண்டே, "உங்க வேலை போயிருமுன்னுதாங்க" என்றேன். வாட்ச்மேன் பின்னால் வந்து நின்று அவனும் அழுதான்.

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட ஆறியிருக்கும். அவர் தலை குனிந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சிலேட்டை நான் சுவத்துல மாட்டியிருக்கக் கூடாதுங்க" என்றார் கடைசியில். "நான் கத்துக்கறதுக்கு எழுதச் சொன்னேன். அவரு தீர்ப்புச் சொல்றதுக்குப் படிச்சாரு. ஒரே சிலேட்டு ரெண்டுக்கும் ஆகாதுங்களே. இது எனக்குத் தெரிஞ்சிருக்கோணும்." பென்சிலை எடுத்து, அட்டை ஈரமாக இருந்ததால் அந்தச் சில்லின் மேலேயே ஏதோ எழுதினார். "நாலாவதுல இந்த எடைவெளியே இருக்காதுங்க. எதையும் செருக முடியாது."

நாலாவதைச் செய்தார். மறுநாள் மத்தியானத்துக்குள் செய்து மாட்டிவிட்டு, கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் போகச் சொல்லாமலே போய்விட்டார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. அந்தப் பலகை பல வருஷம் ஓடியது. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. அதை யாரும் அவரிடம் போய்ச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னாலும் வாடியிருப்பார்.

அவர் போன அன்றைக்கு என் தராசுத் தட்டில் ஒரு பொட்டலம் இருந்தது. பழுப்புக் காகிதம், சணல் நூல், இரட்டை முடிச்சு. யாருக்கு என்று எழுதவில்லை. எழுத வேண்டியதில்லை. கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை, எறியவும் மனசு வரவில்லை. சரசுவுக்குப் பிடிக்குமே, வாங்கினேன் என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று என் புத்தி மறுபடியும் ஒரு பொய்யைத் தேடியது. மறுநாள் காலை கோயமுத்தூருக்கு முதல் பஸ்ஸில் ஏறினேன். பர்லியாரில் பஸ் நின்றபோது எல்லோரும் டீக்கு இறங்கினார்கள். நான் பொட்டலத்தை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

சரசு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். வலது கையில் பெரிய வெள்ளைக் கட்டு. என்னைப் பார்த்துச் சிரித்தாள். "லயத்துல எல்லாரும் நல்லா இருக்காங்களா அக்கா?" என்று விசாரித்தாள். பொட்டலத்தை நீட்டினேன். இடது கையால் வாங்கி மடியில் வைத்து, நூலை அவிழ்க்கப் பார்த்தாள். முடிச்சு வழுக்கியது. நான் உதவக் கை நீட்டினேன்.

"விடுங்க, பழகத்தானே வேணும்" என்றாள். கொஞ்ச நேரம் போராடிவிட்டு முடிச்சையே உற்றுப் பார்த்தாள். "இது ஃபிட்டரய்யா போட்ட முடிச்சு."

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

"யாரு அவருகிட்ட கொறை சொன்னது?"

"நான்தான் சரசு."

"எப்ப சொன்னீங்க?"

"முந்தாநாள்."

கை போய் எத்தனை நாள் என்று, அவள் விரல்களை மடக்கி ஒன்று, இரண்டு என எண்ணப் போனாள். கட்டுப் போட்ட கைதான் முதலில் எழுந்தது. அதைப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தாள். பிறகு பொட்டலத்தை என் பக்கம் தள்ளினாள்.

"நான் ஒருநாளும் கொறை சொன்னதில்லியே அக்கா. இது எனக்கில்ல. நீங்க சாப்பிடுங்க."